மண்டபத்தில் குறைக்க, பொட்டலில் கூட்ட: எந்த ரிவர்ப் பெடல் வாங்கலாம்?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாணக் கச்சேரிகள், சீசனில் ஊர்ப் பொங்கல் மேடைகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச். என் ஆம்ப்பில் ரிவர்ப் இல்லை, அதைச் சேர்க்கக் காலால் மிதித்து இயக்கும் ஒரு பெட்டி (பெடல்) வேண்டும். பாஸ் ஆர்வி-6, டிசி எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஹோலி கிரெயில் நானோ, இந்த மூன்றில் எதை வாங்குவது? இல்லை, கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து ஸ்ட்ரைமன் பிக்ஸ்கையே வாங்கிவிடலாமா?

பதில்: உங்களுக்கு ஆர்வி-6 சரியாக இருக்கும். காரணத்தைச் சொல்வதற்கு, பெடலைத் தள்ளி வைத்துவிட்டு நீங்கள் வாசிக்கிற இடங்களைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

நம்மூர்க் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிரானைட், சுவரில் டைல்ஸ், மேலே கான்கிரீட். சாயங்காலம் நாலு மணிக்கு, நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போது மேடையில் ஏறி ஒரே ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் நின்ற பிறகும் மண்டபம் முழுக்க ஒரு வால் நீண்டு, மெல்லத் தேயும். அந்த வால்தான் ரிவர்ப். அங்கே போய்ப் பெடலில் ஹால் மோடை, அதாவது பெரிய கூடத்தின் முழக்கத்தைத் திறந்தால், மண்டபத்துக்குள் இன்னொரு மண்டபம் கட்டியதாக ஆகிவிடும்.

இதை நான் மேடையில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து, ஹால் மோடில் வாலின் நீளத்துக்கான டைம் குமிழை முக்கால் அளவு திருகி, தேனாக இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு போனேன். மண்டபத்தில் இரண்டாவது பாட்டின் இடையிசை வேகமான ஓட்டம். ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழ, எல்லாம் கூழாகிவிட்டது. சரணம் எடுக்க வேண்டிய பாடகி ஸ்ருதி பிடிபடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெடலை மிதித்து அணைத்தேன். கிட்டார் அப்போதுதான் தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து எந்த மேடையானாலும் கை தட்டிப் பார்த்த பிறகுதான் குமிழைத் தொடுவேன்.

கூட்டம் நிறைந்ததும் நிலைமை மாறும். மனித உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சும். நாலு மணிக்கு அதிகமாகத் தெரிந்த ரிவர்ப் ஏழரை மணிக்கு அளவாகிவிடும். ஆகவே டெஸ்டிங்கில் வைத்த அளவை, முதல் பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை சரிபாருங்கள்.

பொட்டலில் போடும் பொங்கல் மேடை இதற்கு நேர் எதிர். சுவரே கிடையாது. பாக்ஸிலிருந்து வருகிற கிட்டார் வறண்டு, ஒல்லியாகக் கேட்கும். அங்கேதான் பெடல் உங்களுக்கு ஒரு கூடத்தைக் கட்டித் தருகிறது, தாராளமாகக் கூட்டலாம். சர்ச்சில் கூரை உயரம் என்றால் மண்டபக் கணக்கேதான்.

நம் பக்கம் எல்லாவற்றையும் ‘எக்கோ’ என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு. யானைமலைப் பாறைக்கு 70 மீட்டர் தள்ளி நின்று தட்டினால், சத்தம் போய்வர 140 மீட்டர். நம் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் என்பதால், 0.4 நொடி கழித்துத் தட்டு தனியாகத் திரும்பி வரும். அது எக்கோ, அதைச் செய்வது டிலே பெடல். மண்டபத்தில் பல சுவர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கலந்து வருவதால் எதையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. அது ரிவர்ப்.

இனி மோடுகள். ஸ்பிரிங் என்பது பழைய ஆம்ப்புகளுக்குள் இருந்த கம்பிச்சுருளின் ஓசை. ஃபெண்டர் நிறுவனம் 1961-ல் அதைத் தனிப் பெட்டியாகவே விற்றது. ஒரு துள்ளலும் சிலிர்ப்பும் அதில் உண்டு, பழைய பாட்டுகளின் கிட்டாருக்கு அழகு. பிளேட் என்பது ஸ்டுடியோக்களில் தொங்கவிட்ட பெரிய இரும்புத் தகடு. 1957-ல் வந்த ‘ஈஎம்டி 140’ என்ற ஜெர்மன் பிளேட் கருவி கால் டன்னுக்கும் மேல் எடை. பிளேட்டின் ஓசை பளிச்சென்று இருக்கும், சுவர் தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது. இடையிசை வாசிப்பவருக்கு நான் முதலில் சொல்வது பிளேட்தான். ஹால் பொட்டலுக்கு. ஷிம்மர், வாசித்த ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாலில் கலந்து தருவது. சர்ச்சில் மெதுவான ஆராதனைப் பாட்டுக்குக் கொஞ்சமாக எடுபடும்.

இப்போது உங்கள் மூன்று பெடல்கள். ஹோலி கிரெயில் நானோவின் ஸ்பிரிங் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் இருப்பது ஒரே குமிழ், அதுவும் ஸ்பிரிங், ஹால் இரண்டிலும் கலவை அளவுக்கு மட்டும். வாலின் நீளத்தைக் குறைக்க வழியில்லை. மண்டபத்துக்கும் பொட்டலுக்கும் மாறிமாறி ஓடுகிற உங்களுக்கு அது ஒத்துவராது. ஒரே அறையில் வாசிப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன்.

மற்ற இரண்டிலும் நீளம், டோன், அளவு மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ் உண்டு. ஹால் ஆஃப் ஃபேம் 2-ல் டோன்பிரிண்ட் வசதி இருக்கிறது: செல்போன் ஸ்பீக்கரை கிட்டார் பிக்கப்பின் (கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் பகுதி) மேல் பிடித்தால், ஒரு கீச்சொலி வழியாகப் புதிய ரிவர்ப் பெடலுக்குள் இறங்கிவிடும். சுவிட்சைக் காலால் அழுத்தும் பலத்துக்கேற்ப ஓசையை மாற்றவும் முடியும். வீட்டில் உட்கார்ந்து ஓசை தேடுபவருக்கு அருமையான பெடல். மேடையில், இருட்டில், செருப்புக் காலோடு மிதிக்கிற உங்களுக்கு ஆர்வி-6-ன் அகலமான மிதியும் நேரடியான எட்டு மோடுகளும் கைகொடுக்கும். குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: மண்டபத்தில் பிளேட், டைம் ஒன்பது மணி, ஈ.லெவல் (ரிவர்ப்பின் அளவு) பத்து மணி, டோனைக் கொஞ்சம் குறைத்து மந்தமாக்கி ஆரம்பியுங்கள். பொட்டலில் ஹால், டைம் பன்னிரண்டு மணி.

பிக்ஸ்கை பன்னிரண்டு வகை ரிவர்ப்பும் மிக நுணுக்கமான ஓசையும் உள்ள கருவி. ரெக்கார்டிங் செய்பவருக்கு அந்தக் காசு தகும். நம் மேடைகளில் பெரும்பாலும் எல்லாவற்றையும் மோனோவாகவே, அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியாகவே அனுப்புவார்கள். அந்த ஸ்டீரியோ அகலம் மிக்சரோடு நின்றுபோகும். மிச்சக் காசில் நல்ல பவர் சப்ளை வாங்குங்கள்.

அதை அழுத்திச் சொல்கிறேன். டிஜிட்டல் ரிவர்ப் பெடல்கள் 100 மில்லியாம்பியர் அளவு இழுக்கும், பிக்ஸ்கைக்கு 300 வேண்டும். பேட்டரியை நம்பி மேடை ஏறாதீர்கள். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கிளை எடுத்தால் ஒரு கீச்சு இரைச்சல் சேரும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்துப் பிரித்த அவுட்லெட் உள்ள சப்ளை அதைத் தீர்க்கும். தேவை 9 வோல்ட், உள்முனை நெகட்டிவ். அவசரத்துக்குக் கீபோர்டுக்காரரின் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். சில 12 வோல்ட், உள்முனை பாசிட்டிவ்.

இணைக்கும் வரிசையில் ஓவர்டிரைவ் (ஓசையைக் கரகரப்பாக்கும் பெடல்), டிலே, அப்புறம் கடைசியில் ரிவர்ப். ரிவர்ப் முன்னால் போனால் அதன் வாலையும் ஓவர்டிரைவ் கரகரக்க வைக்கும். மிக்சரில் இருப்பவரிடம் போய், “அண்ணே, கிட்டாருக்கு எக்கோ போடாதீங்க, நான் பெடல்லயே வச்சிருக்கேன்” என்று சொல்லிவிடுங்கள். அவர் பாடகருக்குப் போடும் எக்கோவை அப்படியே உங்கள் சேனலிலும் திறந்துவிடுவது வழக்கம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். நீளமாக ஒரு கார்டை மீட்டிவிட்டு மயங்கி நிற்க வேண்டாம். எந்தப் பெடலும் அதில் நன்றாகத்தான் இருக்கும். ஒரு ஸ்வரத்தைச் சுருக்கென்று அடித்து, உள்ளங்கையால் கம்பியை அமுக்கி, வால் எப்படிச் சாகிறது என்று கேளுங்கள். தகரம் தட்டுவது போலக் கரகரத்தால் வேண்டாம். பிறகு நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வேகமான இடையிசை ஒன்றை அதே அளவில் வாசித்து, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா என்று பாருங்கள்.