குழாய்த் தண்ணீரும் குழந்தைகளும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கிராமப்புறத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுத்தமான தண்ணீர் குழந்தையின் உரிமை என்று அடிக்கடி சொல்பவன். குழந்தைகளின் குடிநீர், தடுப்பூசி, வயிற்றுப்போக்கு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பலருக்கும் பொதுவான கேள்விகளுக்கு இங்கே பதில். மருந்து அளவெல்லாம் பொது விதி; குழந்தையை நேரில் பார்க்கும் டாக்டர் சொல்வதே முடிவு.

கேள்வி: சார், என் மகளுக்கு 2 வயது. நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. கடையில் ஓஆர்எஸ் கேட்டதற்கு அட்டைப்பெட்டியில் ஒரு பானம் கொடுத்தார்கள். கொடுக்கலாமா? – ஒரு தாய், விழுப்புரம்

பதில்: வேண்டாம்மா. சர்க்கரை அதிகமான பானம் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். போக்கு கூடத்தான் செய்யும். ஓஆர்எஸ் என்பது போக்கில் உடம்பு இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதில் 1 லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். இந்தக் கணக்குக்கு வராத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. பொடி பாக்கெட் வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம நர்சிடமும் இலவசம்.

பெரிய பாக்கெட் என்றால் முழுப் பொடியையும் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். கொஞ்சம் பொடியை ஒரு டம்ளரில் கண்ணளவாகக் கலக்குவதுதான் வீடுகளில் நான் அதிகம் பார்த்த தப்பு, உப்பு ஏறிப்போகும். ஒவ்வொரு முறை போனதும் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. 2 வயது நிறையாத குழந்தைக்கு அதில் பாதி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஜிங்க் மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். 6 மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். சோறு, தாய்ப்பால் எதையும் நிறுத்தாதீர்கள். "வயிறு காயட்டும்" என்று பாட்டிமார் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க வேண்டாம். கண் உள்ளே போயிருந்தால், துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருக்காமல் 108.

கேள்வி: அண்ணா, பஞ்சாயத்துத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நாற்றம். அதனால் குழந்தைக்குக் கேன் தண்ணீர்தான். சரிதானே? – மணப்பாறை பக்கம்

பதில்: கொஞ்சம் வாசனை வந்தால் நல்லது என்றே சொல்வேன். அது கிருமியைக் கொல்லும் குளோரினின் வாசனை. கடைசி வீட்டுக் குழாயிலும் 1 லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். தொட்டியில் போட்டது அங்கேயே தீர்ந்துவிட்டால், வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலக்கும்போது அதிலுள்ள கிருமியைக் கொல்ல ஒன்றும் இருக்காது. வாசனை பிடிக்கவில்லையா, பாத்திரத்தில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள், போய்விடும்.

கேன் வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் கேன் வாங்க முடியாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்தக் குழாய்தான் கதி. வசதியுள்ளவர்கள் கேனுக்குப் போனதும் குழாயைப் பற்றிக் கேட்க ஆள் குறைந்துவிடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் ஒவ்வொருவராக நோயில் விழுந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மலம் கிடந்தது. உங்கள் ஊர்த் தொட்டிக்கு மூடியும் பூட்டும் இருக்கிறதா, கடைசியாக என்றைக்குக் கழுவினார்கள் என்று தொட்டி ஆபரேட்டரிடம் கேளுங்கள். கிராமத்து வீடுகளுக்குக் குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் 5 பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார் என்று தெரியுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம். பையனுக்கு 9 வயது, பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகுமா ஐயா?

பதில்: ஆகாது. அந்தத் திட்டு பெரும்பாலும் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமாக இருப்பதால் வருவது. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள், சோறு வடிக்கிற தண்ணீரும் கணக்குதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இதற்காகவே வந்தது, 2013இல். உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு எழுதுங்கள். பையனின் பல்லில் வந்த திட்டு தானாகப் போகாது. ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், நிலைப்பல் உருவாகிற இந்த வயதில் தண்ணீரை மாற்றினால் தப்பிக்கலாம்.

கேள்வி: உரிமை உரிமை என்கிறீர்களே, சுத்தமான தண்ணீர் உரிமை என்று அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது? – சட்டம் படிக்கும் மாணவர்

பதில்: அந்த வார்த்தையிலேயே இல்லை, நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசில்லாத தண்ணீரும் காற்றும் 21ஆவது பிரிவின் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்றது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது 47ஆவது பிரிவு. அப்புறம், ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. 1989இல் வந்தது, இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 24ஆவது பிரிவு குழந்தையின் ஆரோக்கியத்தைப் பேசும்போது சத்துணவையும் சுத்தமான குடிநீரையும் சேர்த்தே சொல்கிறது.

இதையெல்லாம் ஒன்றிய அலுவலகத்தில் போய்ச் சொன்னால் "சரி சார், பார்க்கலாம்" என்பார்கள். அங்கே எண் சொல்லிக் கேட்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குளோரின் 0.2. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கிராம சபை, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். வாயால் பேசியது அன்றோடு போகும்; தீர்மானமாக எழுத வையுங்கள்.

கேள்வி: எங்கள் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். குழந்தைக்கு ஒன்றரை வயது, பாதி ஊசிகள் விட்டுப்போயின. இங்கே போடுவார்களா?

பதில்: போடுவார்கள். ஆதார், ரேஷன் அட்டை, சொந்த ஊர் எதுவும் தடையில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள். பழைய அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணைக்கு இதுதான் வயது. சூளையில் இன்னும் குழந்தைகள் இருந்தால் கிராம நர்சுக்கு ஒரு போன் போடுங்கள், அவர் அங்கேயே வரலாம்.

கேள்வி: பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை சாப்பிட்டு ஒரு பையன் வாந்தி எடுத்தான். மகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். வயிற்றில் புழு அதிகமிருந்தால் லேசான வாந்தியோ வயிற்று வலியோ வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். மென்று சாப்பிடச் சொல்லுங்கள். அன்று காய்ச்சலாக இருந்தால் மட்டும் தள்ளிப்போட்டு, விட்டவர்களுக்கு மறுபடி கொடுக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.