காட்சியும் கற்பனையும்: சில கேள்விகள்

கேள்வி: மாட்டைப் பார்த்ததும் "வெள்ளைப் பசு" என்கிறேன். இதில் கண் கண்டது எது, மனம் கூட்டியது எது?

பதில்: பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரைக் கேட்டால், இரண்டு சொற்களுமே மனம் கூட்டியவை என்பார். பெயர், சாதி, குணம், செயல், பொருள் ஆகிய ஐந்தில் ஒன்றைக் கண்டதோடு சேர்ப்பதே கற்பனை. 'பசு' சாதி, 'வெள்ளை' குணம். இவை எதுவும் ஒட்டாத அறிவு மட்டுமே அவருக்குக் காட்சி, அதாவது நேரடி அறிவு. வாயைத் திறந்தால் காட்சியைத் தாண்டிவிட்டீர்கள்!

கேள்வி: அப்படியானால் நாம் பேசுவதெல்லாம் பொய்யா?

பதில்: அவசரப்படாதீர்கள். புகை கண்டு நெருப்பை அறிவது கற்பனையின் துணையோடு நடப்பது. அதையும் அவர் அளவையாகவே, அதாவது சரியான அறிவு தரும் வழியாகவே ஏற்றார். மறுபுறம், கற்பனை கலக்கவில்லை என்பதாலேயே ஓர் அறிவு சரியாகிவிடாது. கண்ணோயாளிக்கு நிலா இரண்டாகத் தெரிகிறதே, அதில் கற்பனை எங்கே? 7ஆம் நூற்றாண்டில் திக்நாகர் வழிவந்த தர்மகீர்த்தி, காட்சிக்குப் 'பிழையற்றது' என்ற நிபந்தனையையும் சேர்த்தார்.

கேள்வி: பௌத்தரோடு வாதிட்ட தருக்கப் பள்ளியான நியாய மரபினர் இதை ஏற்றார்களா?

பதில்: இல்லை. பசுத்தன்மை பசுவிலேயே இருக்கிறது, மனம் கட்டியதன்று என்பது அவர்கள் வாதம். ஆகவே விகற்பம் (பெயர், சாதி முதலியவற்றைச் சேர்த்து அறிவது) உள்ளதும் இல்லாததும் அவர்களுக்குக் காட்சியே. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒரே பசுத்தன்மை எல்லாப் பசுக்களிலும் எப்படி முழுமையாக இருக்கும் என்று பௌத்தர் மடக்கும்போது, அவர்கள் தரும் விடை எனக்குப் போதவில்லை.

கேள்வி: தமிழில் இந்த விவாதம் உண்டா?

பதில்: மணிமேகலையின் 29ஆம் காதையைப் பாருங்கள். நாமம், சாதி, குணம், கிரியை நீக்கிய சுட்டுணர்வே பிரத்தியக்கம் (காட்சி) என்று அறவண அடிகள் காஞ்சியில் உபதேசிக்கிறார். அதைவிடச் சுவையானது சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூல். பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரை விடாமல் மறுக்கும் அருணந்தி சிவாச்சாரியார், அளவையைப் பேசும்போது விகற்பத்துக்கு அதே ஐந்தைச் சொல்கிறார். காட்சியை இந்திரியம் (புலன்வழி), மானதம் (மனவழி), தன்வேதனை (தன்னுணர்வு), யோகம் என நான்காக்குகிறார். தர்மகீர்த்தியின் பகுப்பும் அதுவே. தன்வேதனையை மட்டும், அராகம் (பற்று) முதலிய சைவத் தத்துவங்களின் வழியே இன்ப துன்பம் அறிவதாக மாற்றிச் சைவமாக்கிக்கொண்டார்.

கேள்வி: மனத்தை வெறுமையாக்கினால் யோகக் காட்சி கிட்டுமா?

பதில்: தர்மகீர்த்தி சொல்வது வெறுமையை அன்று. புத்தரின் நான்கு வாய்மைகள் போன்ற உண்மைகளை இடைவிடாது பாவித்து, அது உச்சத்தை எட்டும்போது பிறக்கும் தெளிவு அது. தெளிவு மட்டும் போதாது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்: காமமோ சோகமோ தலைக்கேறியவருக்கும் இல்லாதது கண்முன் தெளிவாக நிற்கும்.