சாண் வைத்து அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறதே, ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பெரும்பாலும் தப்பு எண்ணுவதில் இல்லை, வைப்பதில் இருக்கிறது. அதனால் சாணில் தொடங்காதீர்கள். விரலை விரிப்பதைப் பொறுத்து சாணின் நீளமே மாறும்.

ஒரே நீளமுள்ள ஐஸ் குச்சிகள் இருபது எடுத்து, மேசை விளிம்பை ஒட்டி முனையோடு முனை முட்ட அடுக்கச் சொல்லுங்கள். "எத்தனை குச்சி வரும்?" என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பிறகு நீங்களே வேண்டுமென்று இடையில் சந்து விட்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியும் அடுக்கிக் காட்டுங்கள். சந்து விட்டால் எண் குறைகிறது, ஏறினால் கூடுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கடைசியில் மிச்சம் இருந்தால் "ஏழுக்கு மேல், எட்டுக்குள்" என்று சொன்னால் போதும்.

இது பழகிய பிறகு ஒரே குச்சியை நகர்த்தி அளக்கலாம். இங்கே ஒரு தப்பு கண்டிப்பாக வரும். குச்சி முடிந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, விரலுக்கு அந்தப் பக்கம் அடுத்ததை வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் விட்டுப்போகும். விரலுக்குப் பதில் மெல்லிய பென்சில் கோடு போடப் பழக்குங்கள்.

அறையை அளக்கக் காலடி நல்லது. குதிகால் சுவரை ஒட்டியிருக்க வேண்டும், அடுத்த குதிகால் முன் காலின் கட்டைவிரல் நுனியைத் தொட வேண்டும். சுவரை ஒட்டிய அந்த முதல் காலடியும் கணக்கில் சேரும். காலை எட்டி வைத்து நடந்து அளந்தால் அப்படி இல்லை: நிற்கும் இடம் பூஜ்ஜியம், ஓர் எட்டு வைத்த பிறகுதான் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம்.

அதே அறையை நீங்களும் காலடியால் அளந்து காட்டுங்கள். உங்கள் எண் சிறியதாக வரும். பெரிய காலுக்குப் பெரிய எண் வரும் என்றுதான் பல பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். விளக்க அவசரப்படாதீர்கள், "அறை சுருங்கிவிட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். யோசிக்க நேரம் கொடுங்கள்.

ஸ்கேலை அதற்குப் பிறகு கொடுக்கலாம். முதலில் ஒரு காகிதப் பட்டையில் குச்சியை வைத்து வைத்துக் கோடு போட்டு, தொடக்கத்தில் 0, ஒவ்வொரு குச்சியும் முடியும் இடத்தில் 1, 2, 3 என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டையில் 3 முதல் 7 வரை ஒரு நூலை வைத்து நீளம் கேளுங்கள். "ஏழு" என்றால் பிள்ளை எண்ணைப் படிக்கிறது, இடைவெளியை எண்ணவில்லை. நூலுக்குப் பக்கத்தில் மறுபடி குச்சிகளை அடுக்கச் சொல்லுங்கள். நான்குதான் பிடிக்கும்.