வாசகர் கேள்வி பதில்: வெண்ட மெச்சும் தோத்த மெச்சும்

கேள்வி: எங்கட அண்ணன் சிட்னியில வென்ட்வேர்த்வில்லில இருக்கார், பராமட்டா ஈல்ஸ் எண்ட றக்பி லீக் டீம் எண்டா அவருக்கு உசிரு. லீவுக்கு வந்த நேரம் அவர்ட கூட்டாளி ஒராளும் வந்து, ரெண்டு பேரும் விறாந்தையில இருந்து சாமம் வரைக்கும் 2001 பைனல் தோத்த கதையத்தான் கதைச்சாங்க. அந்த டீம் வெண்டதே இல்லையா? (கல்லடி வாசகி)

பதில்: வெண்டிருக்கு தங்கச்சி, நாலு கப் இருக்கு. 1981, 82, 83, பிறகு 1986. அதோட சரி. எங்கட ஆக்கள் கனபேர் அங்க போய்ச் சேர்ந்ததே 83 கலவரத்துக்குப் பிறகும் தொண்ணூறுகள்லயும்தானே, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலும் பராமட்டா கிரவுண்டும் கிட்டக் கிட்ட, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால வரக்குள்ள நீலமும் மஞ்சளும் ஜேர்சி கேட்டு வாறாங்க, இப்படி அவங்க இந்த டீம்ல பாசம் வைக்கத் தொடங்கக்குள்ள கப் எல்லாம் முடிஞ்சு போச்சு. அவங்க கண்ணால கண்டதெல்லாம் தோல்விதான், அப்ப அதத்தானே கதைப்பாங்க. (டீம்ட சின்னம் விலாங்கு மீன், மீன் பாடுற ஊர்ல பிறந்தவங்களுக்கு அது வாய்ச்சது எனக்கு எப்பவும் சந்தோசம்.)

2001 ஏன் இவ்வளவு நோகுது எண்டு சொல்றன். அந்த வருசம் லீக்கில முதலாமிடம் பராமட்டா, சீசன்ல 839 பாயிண்ட் அடிச்ச டீம். பைனல் நியூகாசில் நைட்ஸோட, முதல் தடவையா பைனல இரவில வெச்ச வருசம். ஹாஃப் டைமுக்கு ஸ்கோர் என்ன தெரியுமா, நியூகாசில் 24, பராமட்டா 0. ரெண்டாம் பாதியில எழும்பி அடிச்சாங்க பாருங்க, முடியக்குள்ள 30-24. அந்தப் பாதிய மட்டும் எடுத்தா பராமட்டா 24-6 எண்டு வெண்டிருக்கு! ஒரு ட்ரைக்கு, அதாவது பந்தக் கோட்டுக்கு அங்கால கொண்டுபோய் நிலத்தில வெச்சா, 4 பாயிண்ட், அதுக்குப் பிறகு உதைக்கிற கிக்குக்கு 2. ஆக ஒரே ஒரு ட்ரை, கிக்கோட விழுந்திருந்தா சமன். சாமம் வரைக்கும் கதைக்க அது காணும்.

அதுக்கு முன்னம் 1998ல பைனலுக்கு முந்தின மெச், கான்டர்பரி எண்ட டீமோட 18-2 எண்டு முன்னுக்கு நிண்டவங்க, கடைசிப் பத்துப் பதினொரு நிமிசத்தில எல்லாத்தையும் விட்டு, கான்டர்பரிட டரில் ஹாலிகன் கோட்டோரத்தில நிண்டு உதைச்சு 18-18 ஆக்கி, எக்ஸ்ட்ரா டைம்ல 32-20 எண்டு தோத்தாங்க. இத அண்ணன்ட கேட்டுராதீங்க, லீவு முடிஞ்சிரும்.

கேள்வி: எங்கட காக்கா மெல்பேர்ன்ல, அவர் அங்கத்த ஸ்டோர்ம் டீம்ட ஆள். 2009 கப்ப அவங்கட்ட இருந்து பறிச்சாச்சு எண்டா அத பராமட்டாக்குத்தானே குடுக்கணும்? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: குடுக்கல்ல தம்பி. வீரர்களுக்குக் குடுக்கிற சம்பளத்துக்கு லீக் ஒரு உச்ச வரம்பு வெச்சிருக்கு, மெல்பேர்ன் கிளப் அத மீறிக் குடுத்தது 2010 ஏப்ரல்ல வெளிய வந்து 2007, 2009 ரெண்டு கப்பும் போச்சு. 2009க்கு சம்பியனே இல்ல எண்டுதான் பதிவு. பராமட்டா அந்த வருசம் எட்டாமிடத்தில தொத்திப் பிடிச்சு, ஜரிட் ஹெய்ன்ட ஓட்டத்தில பைனல் வரைக்கும் வந்து மெல்பேர்னிட்ட 23-16 எண்டு தோத்தாங்க. என்னக் கேட்டா குடுக்காததுதான் சரி. நேதன் ஹிண்ட்மார்ஷ் எண்ட மனுசன் அந்தக் கிளப்புக்கு 330 மெச் விளையாடி, 2001லயும் 2009லயும் பைனல்ல நிண்டு, ஒரு கப்பும் இல்லாம 2012ல விட்டுட்டுப் போனார், அவருக்குத் தேவப்பட்டது விசில் அடிச்ச கையோட கிரவுண்ட்ல கப்பத் தூக்கிற அந்த நேரம்தான். ஆறு மாசம் கழிச்சு ஒரு அறிவித்தலா வாறதில என்ன இருக்கு.

கேள்வி: கண்டி, கொழும்பில விளையாடுற றக்பியும் இதுவும் ஒண்டா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: இல்ல. அது யூனியன், பக்கத்துக்கு 15 பேர். லீக்கில 13 பேர், ஆறு டாக்கிளுக்குள்ள (பந்து வெச்சிருக்கிறவர மறிச்சு விழுத்துறதுதான் டாக்கிள்) அடிக்கணும், இல்லாட்டி பந்து மற்றப் பக்கம்.

கேள்வி: வெபர் மைதானத்தில புட்போல் பாத்து வளந்தவன் நான். மச்சான் பராமட்டா மெச் வீடியோ அனுப்புறன் எண்டு நிக்கார், எத முதல்ல கேக்கலாம்? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: 1986 பைனல். ஸ்கோர் 4-2, உங்களுக்குப் புட்போல் கணக்கு மாதிரியே இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரு ட்ரை கூட இல்ல, எல்லாம் பெனால்டி கிக், பராமட்டாட ரெண்டையும் உதைச்சது மிக் குரோனின். எதிர்ல 84லயும் 85லயும் கப் எடுத்த கான்டர்பரி. குரோனினும் ரே பிறைஸும் பராமட்டாக்கு விளையாடின கடைசி மெச் அது. கோடு தாண்ட விடாம அவங்க விழுந்து விழுந்து மறிக்கிறதப் பாத்தா ட்ரை இல்லாதது குறையாவே தெரியாது. ஆட்டம் விளங்கினதும் 2001ட ரெண்டாம் பாதியக் கேளுங்க, முதல் பாதி வேணாம்.