18 மாதம், சின்ன வீடு, இரண்டு பேர்

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 67. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதி மிஷனரிகளாக 18 மாதம் வெளிநாட்டில் ஊழியம் செய்ய எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அந்த ஊர் மொழி தெரியாது. அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். எனக்கு முழங்கால் வலி. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? இளம் மிஷனரிகளைப் போல வீடு வீடாகப் போகவேண்டுமா? எதைத் தயார் செய்துகொள்வது?

பதில்: வீடு வீடாகப் போகவேண்டியதில்லை, சகோதரி. காலை 6.30க்கு எழுந்து இரவு 10.30க்குப் படுப்பது, துணை மிஷனரியை விட்டு எங்கும் விலகாமல் இருப்பது எல்லாம் இளைஞர்களுக்கான ஒழுங்கு. உங்களுக்கு உடம்பு தாங்குகிற அளவுக்குத்தான் வேலை. மொழி கற்பதும் கட்டாயமில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்பே கற்றுக்கொள்ள உதவி கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது வாக்கியம் தெரிந்தாலே பேருந்திலும் மருந்துக்கடையிலும் தைரியம் வந்துவிடும்.

நானும் என் கணவரும் 18 மாதம் இப்படி இருந்துவிட்டு வந்தவர்கள். அதன்பின் கிளம்பும் தம்பதிகளுக்கு யோசனை சொல்லி வருகிறேன். வேலை கஷ்டமாக இருக்கிறது என்று என்னிடம் புலம்பியவர்கள் ரொம்பக் குறைவு. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்ய ஒன்றுமில்லை, இவர் என் பின்னாலேயே நிற்கிறார்” என்று சொன்னவர்கள்தான் அதிகம். அட்டவணை இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போவோம். இரண்டாவது மாதம் அதுவே பாரமாகிவிடும். அங்கே உங்கள் நாளை யாரும் கட்டித் தரமாட்டார்கள், நீங்கள்தான் கட்டவேண்டும்.

எந்த வேலைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து நாள் தலைகீழாக மாறும். மிஷன் அலுவலகம் என்றால் கவலையே இல்லை. இளம் மிஷனரிகளுக்கு வீடு பார்ப்பது, வாடகை கட்டுவது, விசா தாள்கள், வண்டிப் பராமரிப்பு, விமான நிலையத்துக்கு ஓடுவது என்று நாள் தானாக நிரம்பிவிடும். ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளைப் படம் எடுக்கும் பணியும் அப்படித்தான். ஒருவர் பக்கம் திருப்ப, மற்றவர் கேமராவை இயக்க, காப்பகம் திறக்கும் நேரமும் மூடும் நேரமும்தான் உங்கள் நாள். குடும்ப வரலாற்றுப் பதிவுகளுக்காகச் சபை சேர்த்துவைத்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021இல் கணினிக்கு மாற்றி முடித்தார்கள். புதிதாகப் பதிவாகும் ஆவணங்கள் பல உங்களைப் போன்ற தம்பதிகளின் கையால் வருபவை. கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனால் மனம் அலைபாயாது. மனிதநேயப் பணி என்றால் குடிநீர், சக்கர நாற்காலி போன்ற திட்டங்கள். அதில் ஓட்டத்தைவிடக் காத்திருப்பு அதிகம். ஒரு கையெழுத்துக்கு மூன்று வாரம் உட்கார்ந்திருக்கவேண்டி வரலாம்.

கஷ்டமானது சின்னக் கிளைச் சபைகளுக்குத் துணை நிற்கும் பணி. முப்பது பேர் வரும் சபை, அனுபவம் குறைந்த தலைவர், பியானோ வாசிக்க ஆளில்லை. இருவரும் போய் இறங்கியதும் எல்லாவற்றையும் எடுத்துச் செய்யத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். நான் முதல் நான்கு மாதம் ஞாயிறு வகுப்பு, பாட்டு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்தேன். பாராட்டினார்கள். பிறகு பத்து நாள் காய்ச்சலில் படுத்தபோது ஒரு வகுப்பும் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, நான் உதவி செய்யவில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று. அதற்கப்புறம் எந்த வேலையையும் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். இப்படிச் செய்தால் கையில் நிறைய நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் முதியவர்களையும் நோயாளிகளையும் போய்ப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

நாளாகத் திட்டமிடாமல் வாரமாகத் திட்டமிடுங்கள். சந்திப்புக்கு இரண்டு நாள், வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஒரு நாள், துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு அரைநாளாவது ஊர் சுற்றிப் பார்க்கவேண்டும். இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கணவர் வேலைக்குப் போன காலத்தில் நீங்கள் இருவரும் விழித்திருந்து சேர்ந்திருந்த நேரம் ஒரு நாளில் நான்கைந்து மணி இருந்திருக்குமா? இப்போது பதினாறு. சின்ன வீடு, ஒரே வண்டி, நண்பர்கள் இல்லை, தெரிந்த மொழியில் பேச அவரை விட்டால் ஆளில்லை. முப்பது வருடம் சண்டை போடாத தம்பதி, வழி தப்பிய வண்டிக்குள் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். (அந்தத் தம்பதியில் ஒருத்தி நான்.) யார் ஓட்டுவது, யார் வழி சொல்வது என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ஆளுக்கொரு தனிப் பொறுப்பும் இருக்கட்டும். கணக்கு அவருடையது என்றால் நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். கணினி உங்களுக்கு நன்றாக வந்து அவருக்கு வராவிட்டால் இன்னும் சிக்கல். நாற்பது வருடம் அதிகாரியாக இருந்தவர் மனைவியிடம் வேலை கேட்டு நிற்கும் நிலை வரும். பலருக்கு இது முதல் இரண்டு மாதத்தில் பெரிய அடி. முன்கூட்டியே சிரித்துப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் தனித்தனியாக இருங்கள். எப்போதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற விதி இளைஞர்களுக்கு, உங்களுக்கில்லை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டும். பயன்பாட்டில் இருப்பதில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழ் சுமார் 28 நாள் தாங்கும். உங்கள் மருந்தின் பெட்டியில் இருக்கும் அளவைப் பாருங்கள். விமானத்தில் கைப்பையில்தான் வைக்கவேண்டும். சரக்கறையில் உறைந்துபோனால் அந்த இன்சுலினைத் தூக்கிப் போடவேண்டியதுதான். ஊசிக்கு மருத்துவர் கடிதம் வேண்டும். நேர மண்டலம் மாறும் நாளில் எந்த அளவு, எப்போது என்பதையும் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பலரும் கவனிக்காதது இன்சுலினின் செறிவு. சில நாடுகளில் மில்லிக்கு 40 யூனிட் குப்பி உண்டு, பெரும்பாலான நாடுகளில் 100. ஊசியும் அதற்கேற்ப மாறும். அங்கே குப்பியை வாங்கி இங்கிருந்து கொண்டுபோன ஊசியில் ஏற்றினால் அளவு இரண்டரை மடங்கு தவறலாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் வழக்கம். இன்சுலின் போடுபவர் பட்டினி இருக்கவேண்டாம். உடல்நிலை இடம் கொடுக்காதவர்களுக்குச் சபையே விலக்கு தருகிறது. புது ஊரில் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவர் இருந்துவிடப் பார்ப்பார், விடாதீர்கள்.

உங்கள் முழங்காலுக்கு டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவரானால், அந்த நாட்டில் அனுமதி உண்டா என்று தூதரகத்தில் கேளுங்கள். கோடீன் கலந்த மருந்துக்கும் இதே சிக்கல். எல்லா மருந்தையும் அசல் அட்டையிலேயே, கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் தெரியும்படி எடுத்துப்போங்கள். மாடி ஏற முடியாது என்பதை வீடு பார்க்கும் முன்பே மிஷன் அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு நான்காவது மாடியை மாற்றித் தருவது அவர்களுக்கும் கஷ்டம்.

பணம் உங்களுடையதுதான். சாப்பாடு, உடை, சொந்தச் செலவெல்லாம் நீங்களே. வீட்டுச் செலவுக்கு மட்டும் 2011இல் சபை ஓர் உச்சவரம்பு வைத்தது. அப்போது மாதம் 1,400 டாலர், அதற்கு மேல் ஆவதைச் சபை ஏற்கும். உங்களுக்குப் பொருந்தும் இன்றைய தொகையை அழைப்போடு வந்த தாள்களில் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கியிருக்கிறார்களா, அவசரத்தில் நாடு திரும்பும் செலவு சேருமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளைகளோடு பேச உங்களுக்கு வாரக் கணக்கு எதுவும் இல்லை. ஆனாலும் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நேரத்தை வைத்துக்கொள்வது நல்லது. தினமும் பேசுபவர்கள் அங்கே வேரூன்றுவதில்லை, பேசாமலே இருப்பவர்கள் ஏங்கிப்போகிறார்கள். வீட்டில் திருமணமோ பிரசவமோ எதிர்பார்த்தால், சில நாள் வந்து போவது பற்றி மிஷன் தலைவரிடம் போன உடனேயே பேசுங்கள். அப்படி வந்து போகும் செலவும் உங்கள் கையிலிருந்துதான்.

பெட்டியில் இடம் மிஞ்சினால் நன்கு பழகிய காலணி ஒரு ஜோடியும் மாற்றுக் கண்ணாடியும் வையுங்கள். கறுப்புப் பெயர் அட்டையைச் சபையே தந்துவிடும். அதில் காந்தத்தால் ஒட்டும் வகை ஒன்று உண்டு. உங்கள் இருவரில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அதை நெஞ்சில் மாட்டக்கூடாது, ஊசியால் குத்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.