கருவியும் கேள்வியும்: பிரெஞ்சுக் கலைக்களஞ்சியப் படங்கள்

கே: பழம்பொருள் கடையில் ஒரு பிரெஞ்சுப் படம் வாங்கினேன். மேலே ‘லூத்ரி’ என்று தலைப்பு. உள்பக்கம் தெரியும்படி திறந்த ஒரு வாத்தியம், சக்கரம், கைப்பிடி, அங்கங்கே எண்கள். வண்ணம் தீட்டியிருக்கிறது. இது அசல்தானா? (வாசகர், கடலூர்)

ப: தலைப்பையும் சக்கரத்தையும் வைத்துப் பார்த்தால், பிரெஞ்சு அறிஞர்கள் தீதெரோவும் தலம்பேரும் தொகுத்த கலைக்களஞ்சியத்தின் வாத்தியத் தொழில் பகுதிப் படமாக இருக்கலாம். 1751 முதல் 1765 வரை எழுத்துத் தொகுதிகள் 17. 1762 முதல் 1772 வரை படத்தொகுதிகள் 11. உங்களிடம் இருப்பது ‘வியெல்’ என்ற வாத்தியம். கைப்பிடியைச் சுழற்றினால் குங்கிலியம் பூசிய மரச்சக்கரம் வில்லைப் போலத் தந்திகளை உரசும். சாவிகளை அழுத்தினால் சிறு மரக்கட்டைகள் தந்தியைத் தொட்டுச் சுரத்தை மாற்றும்.

இனி அசலா என்பது. வண்ணத்தை நம்பாதீர்கள். இந்தப் படங்கள் கறுப்பு மையில்தான் அச்சாயின. வண்ணம் பிற்காலத்தில் யாரோ தீட்டியது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். படத்தைச் சுற்றிச் செப்புத்தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் இருக்க வேண்டும். கோடுகளை விரல் நுனியால் தடவினால் மை லேசாக மேடிட்டிருக்கும். முழுத்தாள் என்றால் உயரம் ஏறக்குறைய 40 செ.மீ. அடியில் பெனார் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். பல தகடுகளில் அந்தச் செதுக்குநரின் பெயர் உண்டு. ஆனால் பள்ளமும் பழைய தாளும் இருந்தாலே பாரிஸ் முதற்பதிப்பு என்று சொல்லிவிட முடியாது. இத்தாலியின் லூக்கா, லிவோர்னோ நகரங்களில் அதே காலத்தில் மறுபதிப்புகள் வந்தன.

கே: இந்தப் படங்களை வைத்து வாத்தியம் செய்ய முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: வயலின் பழுது பார்த்தே பிழைப்பவன் நான். முடியாது என்றுதான் சொல்வேன். உருவமும் உறுப்புகளும் கிடைக்கும். வயலினின் மேல்பலகை நடுவில் எத்தனை மில்லிமீட்டர், ஓரத்தில் எத்தனை, எந்த மரம், எத்தனை வருஷம் காய்ந்தது? நாதம் இருக்கும் இடம் அதுதான். கோட்டுப்படத்தில் அது வராது.

ஆனாலும் இந்தப் படங்கள் எனக்கு உயிர். தீதெரோ கத்தி செய்பவரின் மகன். பட்டறைகளுக்கே போய்த் தொழிலாளிகளிடம் கேட்டு எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். தொழில் நுணுக்கம் வெளியே போகாமல் காத்த காலத்தில், வாத்தியத்தின் உள்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தாளில் விரித்து வைத்தார்கள். அதற்காகவே கும்பிடலாம்.

செய்வதற்கென்றே ஒரு நூல் வேண்டுமானால், தோம் பெதோஸ் என்ற பெனெடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவி ஆர்கன் (குழாய்களில் காற்றுப் புகுந்து ஒலிக்கும் பெரிய வாத்தியம்) கட்டுவது பற்றி எழுதி, 1766 முதல் 1778 வரை வெளிவந்த நூல் இருக்கிறது. குழாய்களின் அளவுகளே அதில் உண்டு. பழைய பிரெஞ்சு ஆர்கன்களைச் சீரமைப்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

கே: ஒரு பழைய படத்தில் வயலின்காரர் இடது கையில் வில் பிடித்திருக்கிறார். இடதுகைக்காரரா? (வாசகர், மதுரை)

ப: பெரும்பாலும் இல்லை. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். மூலப்படத்தை அப்படியே பார்த்துச் செதுக்கினால் அச்சில் திரும்பிவிடும். ‘எழுத்துகள் சரியாக இருக்கின்றனவே’ என்பீர்கள். எழுத்துகளை மட்டும் கவனமாகத் திருப்பிச் செதுக்கியிருப்பார்கள். வயலினை முன்பக்கம் நம்மை நோக்கி நிமிர்த்திப் பார்த்தால் தடித்த தந்தி இடப்பக்கம் இருக்கும். படத்தில் அது வலப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

ஓபோ என்ற மேலைநாட்டு ஊதுகுழல் படத்தில் கைகள் மாறியிருந்தால், படம் திரும்பியிருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தக் கால ஓபோ பலவற்றில் சின்னச் சாவி இரண்டு பக்கமும் இருந்தது. எந்தக் கையைக் கீழே வைத்தும் வாசிக்கலாம்.

கே: நம் நாட்டு வாத்தியங்களை அந்தக் காலத்தில் யாராவது இப்படிச் செதுக்கினார்களா? (வாசகர், கோவை)

ப: புதுச்சேரிக்கு வந்து போன பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இல் பாரிஸில் வெளியிட்ட பயணநூலில் நம் வாத்தியப் படங்கள் உண்டு. அதைவிட நிறைவானது சொல்வின்ஸின் வேலை. இந்த ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் கல்கத்தாவில் வாழ்ந்து, 1799இல் 250 படங்கள் கொண்ட தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் வாத்தியங்களுக்கென்றே தனிப் பகுதி. வாத்தியத்தை மட்டும் தனியாகக் கிடத்தாமல், வாசிப்பவரோடு சேர்த்துக் காட்டினார். எப்படி உட்கார்ந்து, எந்தக் கையால், எங்கே பிடித்து வாசித்தார்கள் என்பது அதில் தெரிகிறது.