குழந்தைக்குக் காது வலி: இப்போதே ஓட வேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. நான்கு நாளாகச் சளி. நேற்று நள்ளிரவில் வீறிட்டு அழுதான், வலது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தான். காய்ச்சல் 101 டிகிரி. என் மாமியார் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார். விடலாமா? இந்த மாதிரி நேரத்தில் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பதில்: எண்ணெய் வேண்டாம். பூண்டு எண்ணெய், தேங்காய் எண்ணெய், தாய்ப்பால் எதுவுமே வேண்டாம். வலி இருப்பது செவிப்பறைக்கு உள்ளே, நடுக்காதில். வெளியிலிருந்து விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் சேரும், அதுதான் இன்னும் கெடுதல். சூடு கொஞ்சம் கூடினாலும் காதுக்குள் வெந்துவிடும். மறுநாள் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தால் எண்ணெய்ப் படலம்தான் தெரியும், செவிப்பறை தெரியாது. உங்கள் மாமியாரின் தவிப்பு புரிகிறது. பேரனை அவர் தோளில் நிமிர்த்திச் சாய்த்து வைத்துக்கொள்ளட்டும், அதுவும் வலியைக் கொஞ்சம் குறைக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கும், கிருமி சேர்ந்தால் சீழாகும், செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைக்கும். படுத்தால் அழுத்தம் கூடும். பகலில் விளையாடிய பிள்ளை ராத்திரியில் வீறிடுவது இதனால்தான்.

அந்த நேரத்தில் தேவைப்படுவது வலி மருந்து. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கைப் போட்டுப் பாருங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் ஆபத்து. சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சளி மருந்து காதைச் சரிசெய்யாது, இந்த வயதில் அது தேவையும் இல்லை. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

சரி, எப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது? காதின் பின்னால் உள்ள எலும்பு மேல் விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தாலோ, தொட்டதும் குழந்தை துடித்தாலோ, ஒரு காது மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாலோ உடனே கிளம்ப வேண்டும். கிருமி எலும்புக்குப் பரவியதன் அடையாளம் அது. முகம் ஒருபக்கம் கோணிக்கொண்டால், கழுத்து விறைத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், நடக்கிற பிள்ளை திடீரெனத் தள்ளாடினால் 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே, காது வலியோ வேறு எதுவோ, அந்த நேரமே மருத்துவமனைதான்.

இவை எதுவும் இல்லை, மருந்து கொடுத்ததும் அழுகை அடங்குகிறது, பால் குடிக்கிறான் என்றால் காலையில் போனால் போதும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் இந்த வகையாகத் தெரிகிறது. ஆனால் காலையில் கட்டாயம் காட்டுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோடு காது வலி வந்தால், யாராவது செவிப்பறையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரண்டு காதிலும் தொற்று உள்ள குழந்தை, காய்ச்சல் 102.2-ஐத் தாண்டிய குழந்தை, சீழ் வடிகிற குழந்தை ஆகியோருக்குப் பொதுவாக ஆன்டிபயாட்டிக் எழுதுவோம். ஒரு காதில் லேசான தொற்று என்றால் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார். அதற்குள் காய்ச்சல் ஏறினாலோ வலி கூடினாலோ திரும்பப் போங்கள். போன தடவை மிஞ்சிய பாட்டிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் இல்லை, சிரித்து விளையாடுகிறான், காதை மட்டும் அவ்வப்போது இழுக்கிறான் என்றால் அது பெரும்பாலும் தொற்று இல்லை. தூக்கம் வந்தாலும் குழந்தைகள் காதைத் தடவுவார்கள்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இரவெல்லாம் அழுத குழந்தை விடியற்காலையில் அமைதியாகிவிடும், தலையணையில் மஞ்சளாகக் கறை இருக்கும். செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியிருக்கிறது, அழுத்தம் குறைந்ததால் வலி நின்றிருக்கிறது. குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். பெரும்பாலும் ஓட்டை சில வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகக் கூடாது. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காது வாயில் வைத்து, நனைந்ததும் மாற்றி, காயும்வரை ஒற்றி எடுங்கள். பட்ஸ் வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் காதுச் சொட்டு மருந்தும் வேண்டாம், சில வகை உள்காதைப் பாதிக்கும். 14 நாளைத் தாண்டியும் வடிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி போன பிறகும் உள்ளே நீர் சில வாரம் தங்கியிருக்கும். உங்கள் மகனுக்குப் பேச்சு வரும் வயது இது. பின்னாலிருந்து மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று மாதமாகியும் சரியாகத் திரும்பவில்லை என்றால், அல்லது ஆறு மாதத்தில் மூன்று முறை இப்படி வந்தால், செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள்: ஆறாவது வாரம், 14-ஆவது வாரம், ஒன்பதாவது மாதம் போடும் நிமோகாக்கல் தடுப்பூசி, காதுத் தொற்றை உண்டாக்கும் முக்கியமான கிருமி ஒன்றையும் தடுக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். விட்டுப்போயிருந்தால் அங்கேயே கேளுங்கள்.